ஆயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு வாக்கியங்கள்

சில்லுக்காரர் என்றால்தான் அந்த வணிக வளாகத்தில் அவரைத் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்டால், கீழே காவலுக்கு உட்கார்ந்திருப்பவர் நெற்றியைச் சொறிவார். லேப்டாப்பில் பிராசசர்ச் சில்லு மாற்றுகிறவர் என்று சொன்னால் உடனே கட்டைவிரலை மேலே காட்டுவார். முப்பத்தொரு படி. ஏறியதும் இடப்பக்கம் நான்காவது கதவு. ஏழடிக்கு ஒன்பதடி அறை. அதில் பாதியை மேஜை அடைத்துக்கொண்டிருக்கும். மேஜைமேல் ஒரு நுண்ணோக்கி, அடியிலிருந்து சூடேற்றும் மேடை ஒன்று, சுடுகாற்றுக் குழாய் இரண்டு, இடுக்கிகள் ஒன்பது. ஒன்பதில் இரண்டு முனை வளைந்தவை. எறியவும் மனமில்லாமல், எடுக்கவும் உதவாமல் அவை பாட்டுக்குக் கிடந்தன.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த அறையில் மட்டும் இருபத்து நான்கு வருடம். அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு டிவி பழுது பார்க்கும் கடையில் வேலை. "இதுவரைக்கும் எத்தனை பிராசசர் மாத்தியிருப்பீங்க?" என்று யாராவது கேட்டால், "ஆயிரம் இருக்கும்" என்பார். அவருக்குப் பிராசசர் விற்கும் பார்ட்ஸ்காரர் அனுப்பிய ரசீதுகளை எண்ணிப் பார்த்தால் நானூற்றுப் பதினேழுதான் வருகிறது. பொய் சொல்கிற ஆள் இல்லை. எதையும் எழுதி வைக்கிற பழக்கமில்லாத ஆள், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் அந்த வேலை ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலையாகத்தான் இருந்தது. பழைய லேப்டாப்களில் பிராசசருக்குக் கால்கள் உண்டு. ஒரு திருகைத் திருப்பினால் கையோடு வந்துவிடும், புதியதை உட்காரவைத்து மறுபடி திருகினால் முடிந்தது. பிறகு வந்த மெஷின்களில் அதை மதர்போர்டோடு ஈயம் வைத்து ஒட்டிவிட்டார்கள். இரண்டு கட்டைவிரல் நகத்தைச் சேர்த்து வைத்த அளவுள்ள சில்லு. அதன் வயிற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈய உருண்டைகள். ஒவ்வொன்றும் கடுகில் பாதி. அத்தனையும் ஒரே நேரத்தில் உருக வேண்டும், ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டும். ஒன்று தப்பினாலும் மெஷின் கண்ணைத் திறக்காது. மற்ற கடைக்காரர்கள் "போர்டையே மாத்திடுங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள, இவர் ஒருவர்தான் பிராசசரை மட்டும் மாற்றித் தருவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வாய் திறந்து சொல்லமாட்டார். இடுக்கியைக் கீழே வைக்கிற விதத்தில் தெரியும்.

அவருக்கு ஒரே அக்கா. ஆறு வயது மூத்தவர். அக்காவின் கணவர்தான் மாமா. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் ஆசிரியராக இருந்தவர். மாமாவின் தொழிலே தொண்டைதான். ஒருமுறை கடைத்தெருவில் யாரோ ஒரு குழந்தை சாலையில் இறங்கப் போக, நடைபாதையிலிருந்து மாமா "நிறுத்து" என்று ஒரு சத்தம் போட்டார். ஓடிக்கொண்டிருந்த மூன்று கார்கள் அப்படியே நின்றன. மூன்றையும் ஓட்டியவர்கள் என்றோ அவரிடம் வண்டி படித்தவர்கள். மைத்துனருக்கும் அவர்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இரண்டு முறை ஃபெயிலும் ஆக்கினார். "மாப்ளே, உனக்குக் கண்ணு ரெண்டும் அரை அடிக்குள்ள இருக்கறதைத்தான் பாக்குது. நீ லேப்டாப்பையே ஓட்டிக்கோ" என்றார். சில்லுக்காரர் இன்றுவரை பேருந்தில்தான் வருகிறார்.

போன வருடம் ஆகஸ்டில் அந்தத் தொண்டை கட்டியது. சளி என்றார்கள், கத்திக் கத்திப் புண்ணாகிவிட்டது என்றார்கள். டிசம்பர் பதினாறாம் தேதி மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்னார்: குரல்வளை முழுவதையும் எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார். அறுவைக்கு ஜனவரி இருபத்து மூன்று, வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அந்த மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் ஒருவர் இருந்தார். அவர்தான் ஒரு வழி சொன்னார். குரல் இருக்கும்போதே ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்துவிட வேண்டும். அதை வைத்து அவருடைய குரலையே கணினியில் உண்டாக்கலாம். பிறகு அவர் எதைத் தட்டினாலும் அவர் குரலிலேயே அது பேசும். அக்கா அதைக் கேட்டுவிட்டுப் பத்து நாளுக்குப் பிறகு முதல்முறையாக முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

ஜனவரி மூன்றாம் தேதி பதிவு தொடங்கியது. சாமான் அறையில் சுவரோடு மெத்தையைச் சாய்த்து, தலைக்குமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் லேப்டாப்போடு மாமா உட்கார்ந்துகொள்வார். அக்கா மின்விசிறியை நிறுத்துவார், குழாயை மூடுவார், கதவருகில் காவல் நிற்பார்.

"இந்தத் தெருவுல இருக்கற எல்லா நாயும் நீங்க வாயைத் தொறக்கற நேரம் பாத்துத்தான் குரைக்குது."

"அதுக்கும் ஆசை இருக்காதா, ரெக்கார்டு ஆகணும்னு" என்பார் மாமா போர்வைக்குள்ளிருந்து.

பட்டியலில் இருந்த வாக்கியங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. 'நாளை மழை பெய்யலாம்.' 'அந்த நீலப் பெட்டியைத் திறக்காதே.' "எந்த நீலப் பெட்டி? என் வீட்டுல நீலப் பெட்டியே கிடையாது" என்று கத்திவிட்டு, அதை வேறு அழித்துத் திரும்பப் படிக்க வேண்டி வந்தது. கடைசியில் தன் பங்குக்கு நாற்பத்திரண்டு வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டார். கிளட்சை விடச் சொல்வது, கண்ணாடியைப் பார்க்கச் சொல்வது, அக்காவைக் கேலி செய்வது, மைத்துனரைத் திட்டுவது. ஆக மொத்தம் ஆயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு. நாளாக ஆகக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. ஜனவரி இருபத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குக் கடைசி வாக்கியம் முடிந்தபோது, வெந்நீரை விழுங்கிவிட்டு மாமா சொன்னார்: "போதும். இனிமே இதைத்தான் திருப்பித் திருப்பிப் பேசணும்."

அன்றைக்கே அக்கா தம்பிக்கு போன் செய்தார்.

"டேய், எல்லாம் லேப்டாப்புலதான் இருக்கு. இன்னொரு இடத்துலயும் போட்டு வைக்கலாமாடா?"

"அது என் கையால செட் பண்ணின மெஷின்க்கா. ஒண்ணும் ஆகாது. மாமா வீட்டுக்கு வரட்டும், நானே வந்து எடுத்துத் தரேன்."

உண்மைதான். நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த லேப்டாப்பை அவர்தான் தேர்ந்தெடுத்து, எல்லாம் ஏற்றித் தயார் செய்து கொடுத்தார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மாமா பிப்ரவரி ஐந்தாம் தேதி வீடு திரும்பினார். கழுத்தில் ஒரு துளை, கையில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் எழுத ஒரு மார்க்கர். பேசியது போலவே பெரிய எழுத்தில்தான் எழுதினார். மூன்றாவது நாள், சனிக்கிழமை காலை, லேப்டாப்பைத் திறந்தால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு.

சில்லுக்காரர் வந்து அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். கடையில் பிரித்து வைத்து ஒவ்வொரு இடமாக மின்சாரம் பார்த்தார். எல்லா இடத்திலும் சரியாக வருகிறது. பிராசசர் மட்டும் சூடாகவே இல்லை. கல் மாதிரி கிடந்தது. கட்டைவிரலால் அதை அழுத்திப் பார்த்தார். திரை ஒரே ஒருமுறை லேசாக மின்னியது போலிருந்தது. மறுபடி அழுத்தினார், ஒன்றும் இல்லை. 'கண் கூசியிருக்கும்' என்று விட்டுவிட்டார்.

முதல் காரியமாக உள்ளே இருந்த டிஸ்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. அந்த மாடல்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். சாவி மெஷினுக்குள்ளேயே இருக்கும். அதே மெஷின் ஓடினால் யாரையும் எதுவும் கேட்காமல் திறந்துகொள்ளும். வேறு மெஷினில் போட்டால்தான் எண் கேட்கும்.

அந்த எண், மெஷினை முதலில் தயார் செய்யும்போது கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். கடைக்கு வரும் எந்த மெஷினைத் தயார் செய்யும்போதும் அது ஒரு கணக்குக் கேட்கும். யாருக்கு அதற்கெல்லாம் பொறுமை? வாய்க்கு வந்த பெயரில், கைக்கு வந்த எண்ணைச் சேர்த்து ஒரு முகவரியை உண்டாக்கி உள்ளே போய்விடுவார். வாரத்துக்கு இரண்டு மூன்று. எதையும் எழுதி வைத்ததில்லை. மாமாவின் மெஷினுக்கும் அப்படித்தான் செய்திருந்தார். நினைவுக்கு வந்த பெயர்களை எல்லாம் போட்டுப் பார்த்தார், அறுபத்தொரு முகவரி. எதுவும் அதில்லை.

எதிர்க்கடையில் பிரிண்டர் சரிசெய்பவர் தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"எதுக்குய்யா இவ்வளவு யோசனை? போர்டை மாத்திட்டுப் போவியா."

"போர்டை மாத்தினா சாவி போயிடும். சாவி போர்டுல இருக்கு. பிராசசரை மட்டும் மாத்தினா போர்டு அதேதான். தன்னால திறந்துக்கும்."

"சொந்தக்காரங்க மெஷின்ல கை வைக்காதேன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன். வாடிக்கையாளர்னா கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போயிடுவான். மாமன் எங்க போவான்?"

சில்லுக்காரர் சிரித்துவிட்டார். சாவி போர்டில் இருக்கிறது என்று அவர் சொன்னது பழைய மாடல்களுக்கு முழுக்கச் சரி. அப்படிப்பட்ட மெஷின்கள் எத்தனையோ அவர் கையில் உயிர் பெற்று, கேள்வி கேட்காமல் திறந்துகொண்டிருக்கின்றன. இந்த மாடலில் சாவியைப் பூட்டி வைத்திருப்பது போர்டு அல்ல, பிராசசர். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

புதிய பிராசசர் பிப்ரவரி பதினான்கு அன்று பார்சலில் வந்தது. மறுநாள் சனிக்கிழமை, காலை பத்தே முக்காலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். சூடு வைப்பதற்கு முன் மெஷினின் ஆரம்ப விவரங்கள் இருக்கும் சிறிய சில்லை ஒரு கருவியில் மாட்டி, அதன் பிரதியைத் தன் கணினியில் எடுத்து வைத்துக்கொண்டார். எத்தனை அவசரமானாலும் அதை அவர் விட்டதில்லை. பிறகு பிராசசரைச் சுற்றி அலுமினிய ஒட்டுத்தாளை வைத்து மறைத்தார். கீழே இருந்து சூடு, நூற்றைம்பது டிகிரி. ஓரம் முழுக்க, ஈயம் சீராக உருக உதவும் ஃப்ளக்ஸ் பசை. மேலே சுடுகாற்று. ஈயம் உருக இன்னும் பதினைந்து விநாடி பொறுத்திருக்க வேண்டும். செத்துப் போனதைத் தூக்க எதற்கு இத்தனை மென்மை என்று தோன்றியது. இடுக்கியை அடியில் கொடுத்து நெம்பினார். 'டிக்' என்று ஒரு சிறு சத்தம். போர்டை நுண்ணோக்கியில் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பழைய பிராசசரைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஒரு மூடி டப்பாவில் போட்டார்.

போர்டில் ஒட்டியிருந்த பழைய ஈயத்தைச் செம்புப் பின்னலால் துடைத்தெடுத்தார். புதியதை வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் நேராக வைத்தார். மறுபடி சூடு. உருகும் கணத்தில் அந்தச் சில்லு தன் எடையில் ஒரு மயிரிழை இறங்கியது. இடுக்கி முனையால் பக்கத்தில் லேசாகத் தட்டினார். தள்ளாடித் தானாகவே தன் இடத்துக்குத் திரும்பி நின்றது. நானூற்றுப் பதினேழாவது. இவ்வளவு சுத்தமாக அவர் செய்ததே இல்லை.

ஆறவிட்டு, எல்லாம் மாட்டி, ஒன்று இருபதுக்குப் பொத்தானை அழுத்தினார். திரை எரிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி. புதிய பிராசசர் இருக்கிறது என்று முதல் வரி, அது தெரிந்ததுதானே. கடைசியில் இரண்டு எழுத்து: ஒப்புக்கொள்ள 'ஒய்', மறுக்க 'என்'. இருபத்து நான்கு வருடமாக மெஷின்கள் அவரிடம் இப்படி ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அவரும் 'ஒய்' அழுத்திக்கொண்டேதான் இருக்கிறார். அழுத்தினார்.

அடுத்த திரை நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கேட்டது.

அணைத்துப் போட்டார். மறுபடி அதே. அந்த ஐந்தாறு வரி என்ன சொன்னது என்று யோசித்தார். அது திரும்ப வரவில்லை. பார்ட்ஸ்காரருக்குப் போன் போட்டார். அவர் வேறு ஊரில் இருப்பவர். பதினெட்டு வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை.

"அண்ணே, அதுல 'என்' அழுத்தணும்ணே. 'என்' அழுத்தினா சாவியைத் தொடாது. எப்ப வேணாலும் பழைய பிராசசரைத் திரும்ப ஒட்டி டிஸ்கைத் திறந்துக்கலாம். 'ஒய்'ன்னா எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா ஆரம்பின்னு அர்த்தம்."

"அழுத்திட்டேன்."

"சின்னச் சில்லைக் காப்பி எடுத்தீங்களாண்ணே?"

"எடுத்தேன். அதை விடுவேனா."

"அப்ப ஒரு வழி இருக்கு. காப்பியைத் திரும்ப ஏத்தி, பழைய பிராசசரையே ஒட்டினா சாவி உயிராயிடும். ஆனா பழசு செத்துல்ல போச்சு? நிஜமாவே செத்துச்சா, இல்ல அடியில ஒட்டு விட்டிருந்துச்சா? அழுத்திப் பாத்தீங்களா?"

அழுத்திப் பார்த்திருந்தார். திரை மின்னியது கண் கூசியதால் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. பிராசசர் சாகவே இல்லை. ஈயம் விரிசல் விட்டிருக்கிறது. அதையே கழற்றி, புது உருண்டை வைத்து, அதே இடத்தில் ஒட்டியிருந்தால் அன்று மாலையே மாமாவின் குரல் கைக்கு வந்திருக்கும். பார்சலும் வேண்டாம், புதியதும் வேண்டாம்.

டப்பாவைத் திறந்து பழையதை நுண்ணோக்கிக்கு அடியில் மல்லாக்கப் போட்டார். ஆயிரத்துச் சொச்சம் வட்டத் தடங்கள். ஓரத்தில், அவர் நெம்பிய பக்கம், மூன்று தடங்கள் பிய்ந்து போயிருந்தன. பதினைந்து விநாடி.

பிப்ரவரி பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இந்த மூன்று நாளும் கடைக்கு வேறு யாரையும் அவர் விடவில்லை. தலைமுடியைவிட மெல்லிய கம்பியை அந்த மூன்று இடத்திலும் வைத்து ஒட்டப் பார்த்தார். மூச்சு விட்டால் நகரும். ஒன்று ஒட்டும்போது இன்னொன்று விடும். வீட்டில் மனைவி சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பினால், கட்டியபடியே திரும்பிப் போனது. பிரிண்டர்காரர் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டு, மூன்றாம் முறை தட்டவில்லை.

இருபதாம் தேதி பிற்பகல் மூன்று பத்துக்குப் பழைய பிராசசர் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. காப்பியையும் ஏற்றியாகிவிட்டது. பொத்தானை அழுத்தினார். திரை எரிந்தது. வட்டம் சுற்றியது. எண் கேட்கவில்லை. பயிற்சிக் காரின்மேல் கையை ஊன்றிக்கொண்டு மாமா நிற்கிற படம் வந்தது. அதன்கீழ் நான்கு இலக்கக் கடவு எண்ணுக்கான கட்டம். அந்தக் காரின் பதிவெண்தான் கடவு எண். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு இலக்கம் தட்டினார். திரை அணைந்தது.

மொத்தம் நாற்பத்தொரு விநாடி எரிந்திருந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை அழுத்தியும் அது எரியவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தார். கம்பி ஒன்று நகர்ந்து, உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. இப்போதுதான் பிராசசர் உண்மையில் செத்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேஜையில் மாமா வெள்ளைப் பலகையோடு உட்கார்ந்திருந்தார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சில்லுக்காரர் எதையும் மறைக்கவில்லை. 'ஒய்' அழுத்தியது, பதினைந்து விநாடி, படம் தெரிந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லும்போது மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு அதில் பாதி புரியவில்லை.

"இப்ப என்னங்கறே? அழிஞ்சு போச்சா?"

"அழியலக்கா. அதுலயேதான் இருக்கு. ஒண்ணு கூடக் குறையல."

"இருந்தா எடுத்துக் குடு."

"திறக்க முடியாதுக்கா."

"நீ முடியாதுன்னா வேற ஆள்கிட்டக் குடு. பெரிய இடத்துல குடு."

"யார்கிட்டக் குடுத்தாலும் அந்த நாப்பத்தெட்டு நம்பர் வேணும். ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்கணும்னா நம்ம ஆயுசு பத்தாது. யார் ஆயுசும் பத்தாது."

"ஆயிரத்து அறுநூறும் உள்ள இருக்குங்கறே. கேக்க முடியாதுங்கறே. இது என்னடா பேச்சு?"

அக்கா கீரையை அப்படியே தள்ளி வைத்தார்.

"நான் கேட்டேன் இல்ல. இன்னொரு இடத்துல போட்டு வைக்கலாமான்னு. போன்ல கேட்டேன் இல்ல."

"கேட்டே."

மாமா மார்க்கரின் மூடியைத் திறந்தார். எழுதிப் பலகையைத் திருப்பிக் காட்டினார்: 'ஹேண்ட் பிரேக் போடாம இறங்கிட்டே. மறுபடியும் ஃபெயில்.' அவருடைய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிந்தது, சத்தம் வரவில்லை. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"நீங்க ஒண்ணும் சிரிக்க வேண்டாம்" என்றார் அக்கா. எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாமா பலகையைத் துடைத்தார். வெகுநேரம் மார்க்கரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் சின்ன எழுத்தில், அவர் எழுத்து என்றே சொல்ல முடியாத அளவுக்குச் சின்ன எழுத்தில், எழுதினார்: 'எனக்குப் பரவால்ல. அவளுக்குத்தான் பதிவு பண்ணினேன்.'

சில்லுக்காரர் லேப்டாப்பில் வேறு பிராசசர், வேறு டிஸ்க் போட்டுக் கொடுத்தார். பழைய டிஸ்கை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். பேச்சுப் பயிற்சி அம்மையார் பதிவு இல்லாதவர்களுக்கு என்று இருக்கும் டேப்லட் ஒன்றை அனுப்பிவைத்தார். அதில் தயார்க் குரல்கள் இரண்டு: ஆண் ஒன்று, ஆண் இரண்டு. மாமா இரண்டையும் போட்டுக் கேட்டுவிட்டு, 'ஒண்ணு செய்தி வாசிக்கிறான். ரெண்டு ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு பண்றான். ரயிலாவது எங்கேயாவது போய்ச் சேரும்' என்று எழுதி இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகலில் சில்லுக்காரர் அங்கே போனார். மாமா கூடத்து நாற்காலியில் இருந்தார். அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்து பத்தடி தூரம், நடுவில் கதவுகூட இல்லை. மாமா டேப்லட்டில் தட்டினார்.

"தண்ணீர் வேண்டும்" என்றது ஆண் இரண்டு. நல்ல உரத்த குரல், சுத்தமான உச்சரிப்பு.

அக்கா திரும்பவில்லை. மாமா மறுபடி அழுத்தினார். "தண்ணீர் வேண்டும்." அக்கா ஒரு தட்டைக் கழுவி, நீரை உதறி, கவிழ்த்து வைத்தார். கோபத்தில் திரும்பாமல் இருந்தால் முதுகைப் பார்த்தாலே தெரியும். அந்த முதுகில் கோபமே இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு யாராவது திரும்புவார்களா? அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் முறை அழுத்திவிட்டு மாமா மைத்துனரைப் பார்த்தார். சில்லுக்காரர் எழுந்து சமையலறை வாசல்வரை போனார்.

"அக்கா, மாமா கூப்பிடறார்."

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். "எப்ப?"

"இப்பத்தான். மூணு தடவை."

"எனக்குக் கேக்கலையே."

கேட்டிருந்தது. காதில் விழுந்திருந்தது. அது தன் கணவர் தன்னைக் கூப்பிடுவது என்றுதான் அவருக்குத் தோன்றவில்லை. ஈரக் கையோடு சொம்பை எடுத்து வந்து மாமாவிடம் கொடுத்தார். மாமாவின் முகத்தையும் டேப்லட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாத்திரம் துலக்கத் திரும்பிப் போனார்.

அன்று மாலை ஆறு மணிவரை சில்லுக்காரர் அங்கேயே இருந்தார். கண்ணாடிக்கு ஒருமுறை, மாத்திரைக்கு ஒருமுறை, ஜன்னலைச் சாத்த ஒருமுறை என்று மொத்தம் ஏழு முறை எழுந்து போய்ச் சொன்னார். ஏழு முறையும் அக்கா, "எப்ப?" என்று கேட்டார்.

எட்டாம் முறை மாமா எதையோ தட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, தட்டியதை எழுத்து எழுத்தாக அழித்தார். டேப்லட்டை முகம் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியின் கைகளைப் பிடித்து மெதுவாக எழுந்து, தானே போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டார்.